அடப்பங்கொடியும் அடியேனும்

தாவரவியலில் என் ஞானம் கறிவேப்பிலையில் ஆரம்பித்துக் கொத்துமல்லியில் முடிந்துவிடும். அதிலும் கொத்துமல்லிக்குப் பதிலாகப் புதினாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் 'நல்ல பெயர்' எடுத்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கொடியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ பாவக் கணக்கு இருக்கிறது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இருக்கிறது.

சென்னையில் ஒரு கம்பெனியில், அட்மின் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். (அடக்கமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். குப்பை கான்ட்ராக்ட் ஃபைலும் நிஜமாகவே என் மேஜையில்தான் இருக்கிறது.) எங்கள் கம்பெனிக்குக் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலை ஒட்டி ஒரு கெஸ்ட் ஹவுஸ். பின்பக்கம் கொஞ்சம் புல்தரை, காம்பவுண்டு சுவர், அதில் ஒரு சின்ன கேட். கேட்டைத் திறந்தால் ஓர் ஆள் உயரத்துக்கு மணல்மேடு. அதற்கப்புறம் வங்காள விரிகுடா.

அந்த மேடு முழுக்க ஒரு பச்சைக் கொடி தாறுமாறாக ஓடிக்கிடக்கும். தடித்த இலை, நடுவில் வெட்டிவிட்ட மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். காலையில் போனால் ஊதாவும் ரோஸும் கலந்த நிறத்தில், கிராமபோன் குழாய் மாதிரி பூக்கள். மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். மெரினாவில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரைக்கும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை.

2022 பிப்ரவரியில் எங்கள் எம்.டி. மகளுக்கு அங்கே நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"பீச் சைடு ஒரே காடா இருக்குய்யா. போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்? கிளீன் பண்ணு. ரிசார்ட்டுல எல்லாம் பார்த்திருக்க இல்ல, வெள்ளை மணல்... அந்த மாதிரி."

ஜி.எம். 'அந்த மாதிரி' என்று சொல்லிவிட்டால் அந்த மாதிரிதான். எட்டு ஆள், மூன்று நாள், தலைக்கு எழுநூறு ரூபாய். மொத்தம் 16,800. வவுச்சரில் என் முத்து முத்தான கையெழுத்தில் 'கடற்கரை அழகுபடுத்தும் செலவு' என்று எழுதினேன்.

வேலை ஆரம்பித்த அன்று காலை, கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். அறுபதைத் தொட்ட மனிதர். பக்கத்துக் குப்பத்துக்காரர். படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் போனதால் காக்கிச் சட்டைக்கு வந்தவர். பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்.

"சார், அத்தப் புடுங்க வாணாம் சார்."

"ஏன்?"

"அது அடப்பங்கொடி சார். அதான் மண்ணைப் புடிச்சுக்கினு கீது. அத்த எடுத்தீன்னா மண்ணு ஓடிப்பூடும்."

நான் சிரித்தேன். மண்ணுக்குக் கால் இருக்கிறதா என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். கூலிக்கு வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாளில் மேடு மொட்டையாயிற்று. கொடியோடு சேர்த்து, ஊசி மாதிரி குத்துகிற ராவணன் மீசைப் புல்லையும் வழித்தெடுத்தோம். (ராவணனுக்கே மழித்துவிட்ட பெருமை இந்த வம்சத்தில் எனக்கு மட்டும்தான்.) மேட்டின் தலையையும் கொஞ்சம் சீவிச் சமன்படுத்தினோம். நிச்சயதார்த்தம் ஜம்மென்று நடந்தது. போட்டோவில் மாப்பிள்ளை, பெண், வெள்ளை மணல், நீலக் கடல். ஜி.எம். என் தோளைத் தட்டினார். அந்த வருஷ இன்க்ரிமென்ட்டை நான் மனசுக்குள் செலவுகூடச் செய்துவிட்டேன்.

மார்ச் பிறந்தது. மத்தியானக் கடல் காற்று ஆரம்பித்தது.

முதலில் புல்தரை லேசாக வெளுத்தது. அப்புறம் வராந்தாவில் நறநறப்பு. ஏப்ரல் மாதம் ஜன்னல் இடுக்கு, ஏ.சி. மெஷின், சமையல்கட்டு அரிசி டப்பா என்று எங்கே தொட்டாலும் மணல். மே மாதம் பின்பக்க கேட்டைத் திறக்க முடியவில்லை. அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு மணல் முட்டுக்கொடுத்து நின்றது. வாட்ச்மேன் காலையில் அள்ளுவார், சாயங்காலம் பழையபடி இருக்கும். அறுபது வயசு மனிதர், கெட்டுப்போன முழங்காலோடு, ஒரு பாண்டும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவின் கடற்கரையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஜி.எம். வந்தார். காரிலிருந்து இறங்கினார். பாலிஷ் போட்ட ஷூ கணுக்கால் வரை புதைந்தது.

"என்னய்யா இது, பாலைவனம் மாதிரி? வாட்ச்மேன் என்ன பண்றான்? தின்னுட்டுத் தூங்கறானா?"

பத்தடி தள்ளி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஜி.எம்.மைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

'சார், தப்பு அவர்மேல் இல்லை. நான்தான் கொடியைப் பிடுங்கினேன். வேண்டாம் என்று அவர் சொன்னார்' என்று சொல்ல ஐந்து செகண்ட் போதும். அந்த ஐந்து செகண்டில் எனக்கு வீட்டு லோன், பையன் ஸ்கூல் ஃபீஸ், வரப்போகிற இன்க்ரிமென்ட் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. லேசாக இருமினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"ஏஜென்சிக்குச் சொல்லி ஆளை மாத்து."

மாற்றினேன். லெட்டரை டைப் செய்ததும் நான்தான்.

அந்த வருஷம் டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் ஓடினேன். எங்கள் மொட்டை மேட்டைக் காணோம். அலை வந்து அடியோடு வாரிக்கொண்டு போயிருந்தது. காம்பவுண்டு சுவர் கடலைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி சாய்ந்து கிடந்தது. தெற்கே கொஞ்ச தூரத்தில், குப்பத்துக்காரர்கள் படகு ஏற்றி வைக்கிற இடத்தருகே, யாரும் 'அழகுபடுத்தாத' மேடு ஒன்று உண்டு. அதன் முன்பக்கத்தையும் அலை கடித்திருந்தது. கொடிகள் அறுந்து கயிறு கயிறாகத் தொங்கின. ஆனால் மேடு இருந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையில் ஜூன் மாதத்திலிருந்தே சரியாக வருவதில்லை. மனைவியிடம் முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டேன். அவள் தமிழ் எம்.ஏ. எங்கள் வீட்டில் பால் பாக்கெட் கணக்குக்குக்கூடச் சங்க இலக்கியத்தில் மேற்கோள் உண்டு.

"ஏங்க, அது அடும்புங்க! குறுந்தொகையில வருது. இலை மான் குளம்பு மாதிரி பிளந்திருக்கும்னு 243-ஆம் பாட்டுல இருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்கின பூக்கள்லகூட அடும்பு உண்டு. அதையா பிடுங்கிப் போட்டீங்க?"

"அந்த 243-ல வேற என்ன சொல்லியிருக்கு?"

"அடும்புப் பூவைக் கொய்து பொண்ணுங்க விளையாடற கடற்கரைக்காரன் ஒருத்தன். அவனை இனிமே நினைக்க மாட்டேன், என் கண்ணாவது தூங்கட்டும்னு அவ தோழிகிட்ட சொல்றா."

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கொடிப் பக்கத்தில் ஒருத்தி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறாள். அவளுக்குக் காதல். எனக்கு டைப் அடித்த லெட்டர்.

அப்புறம்தான் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பரீட்சைக்குப் படித்திருந்தால் ஐ.ஏ.எஸ். ஆகியிருப்பேன். இந்த அடும்புதான் பேச்சில் அடம்பு, அடப்பங்கொடி என்று ஆகியிருக்கிறது. தாவரவியல் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. 'பெஸ்-காப்ரே' என்றால் லத்தீனில் ஆட்டுக்கால். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயரின் பின்பாதி அது. 1818-ல் ராபர்ட் பிரவுன் என்பவர் இதை ஐப்போமியா குடும்பக் கணக்கில் சேர்த்தார். அதே இலையைப் பார்த்து ஐரோப்பாக்காரருக்கு ஆட்டுக்கால் ஞாபகம் வந்திருக்கிறது, நம்ம புலவருக்கு மான் குளம்பு. நாம் சாப்பிடுகிற சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இதற்குப் பங்காளி முறை. ஏரிக்கரையெல்லாம் மண்டிக்கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் அதே ஐப்போமியாதான். எல்லாக் குடும்பத்திலும் ஒரு அடாவடி ஆள் இருப்பார் இல்லையா!

இது நம்மூர்ச் சரக்கு மட்டுமில்லை. பிரேசில், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெப்பமண்டலக் கடற்கரையெங்கும் இருக்கிறது. விசா வாங்காமல் எப்படிப் போயிற்று? ஒரு காய்க்குள் வழக்கமாக நாலு விதை. மேலே வெல்வெட் மாதிரி ரோமம், கெட்டியான தோல். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் மிதந்து, எங்கேயோ கரை ஒதுங்கி, மழை பெய்தால் முளைத்துவிடும். தாய்லாந்தில் ஜெல்லி மீன் தீண்டினால் இதன் இலையைத்தான் தேடுகிறார்கள்.

இது மண்ணைப் பிடிக்கிற சூட்சுமம் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கடல் காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறப்பதில்லை. பெரும்பாலும் தரையை ஒட்டி, தத்தித் தத்தித்தான் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே இந்தக் கொடி படுத்திருந்தால் காற்றின் வேகம் தரைமட்டத்தில் குறைந்து, மணல் அதன் இலைக்குள்ளேயே விழுந்துவிடும். சரி, மூடிய மணலில் கொடி செத்துப்போகுமே? அங்கேதான் சமாசாரம். மணல் மூடிய கணுவிலெல்லாம் புதுசாக வேர்விட்டு, நுனியை வெளியே நீட்டி, மேலே ஏறிவிடுகிறது. மறுபடி மணல், மறுபடி வேர். இப்படி முப்பது மீட்டர் வரைக்கும்கூட ஓடும். மேடு என்று நாம் நினைப்பது வெறும் மணல் இல்லை. உள்ளே அடுக்கடுக்காக வேர் தைத்திருக்கிற மூட்டை.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், அந்த மணல்மேடு கடற்கரையின் பி.எஃப். அக்கவுண்ட். சாதாரண நாளில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட் கட்டும். புயல் வந்தால் அலை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும். மறுபடி கட்ட வேண்டுமானால் கொடி இருக்க வேண்டும். கொடி புயலை நிறுத்தாது. ஆனால் புயல் கேட்கும்போது கொடுப்பதற்குக் கையில் கொஞ்சம் மணல் வைத்திருக்கும். நான் செய்தது என்னவென்றால், ஒரு போட்டோவுக்காக பி.எஃப்.பை மொத்தமாக க்ளோஸ் பண்ணியது.

இதில் இன்னொரு இடி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று 1991-ல் மத்திய அரசு ஒன்று போட்டது. மணல்மேடுகளை அழகுபடுத்துவதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மாற்றியமைக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. 2019-ல் வந்த புது அறிவிக்கையிலும் மணல்மேடுகளை மாற்றியமைக்கத் தடை இருக்கிறது. அழகுபடுத்துதல்! என் வவுச்சரில் முத்து முத்தாக எழுதிய அதே வார்த்தை. நல்லவேளை, சட்டத்துக்கு என் கையெழுத்து அடையாளம் தெரியவில்லை.

2023 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பத்துக்குப் போனேன். வாட்ச்மேன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பொத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. 'வா தம்பி' என்றார். பதினோரு வருஷம் 'சார்' என்று கூப்பிட்ட மனிதர். அந்தத் 'தம்பி'யில் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஃபைலைத் தோண்டியதில் அவருக்கு ஜூன் மாதத்தில் பத்தொன்பது நாள் சம்பளம் தராமல் விட்டது தெரிந்திருந்தது. ஏஜென்சியைத் துரத்தி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

"ஐயா, தப்பு என்னோடது. அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா தம்பி? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காகத்தான், கேட்டேன். "கொடியைத் திரும்ப வெச்சா வருமா?"

அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"வரும். இப்ப வெச்சா வெயில்ல பூடும். ஐப்பசி மழைக்கு முன்னாடி வையி. கூலி தலைக்குத் தொள்ளாயிரம். எட்டு பேருக்கு எழுநூறு குடுத்துப் புடுங்கின இல்ல, வெக்கிறதுக்கு ஜாஸ்தி."

ஜி.எம்.மிடம் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று சொல்லி பர்மிஷன் வாங்கினேன். காரணம் சொல்லவில்லை. (ஆம், அப்போதும் சொல்லவில்லை.) அந்த வருஷம் அக்டோபரில், படகு ஏற்றுகிற மேட்டிலிருந்து கொடி வெட்டினோம். ஒரே இடத்தில் வெட்டக் கூடாது, அங்கொன்று இங்கொன்றாக எடுக்க வேண்டும் என்று தலைமேல் நின்றார். முழ நீளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒவ்வொரு துண்டும். மூன்று, நாலு கணு மண்ணுக்குள், நுனி மட்டும் வெளியே. நானூறு துண்டு வைத்தோம். நான் வைத்த முதல் துண்டைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். தலைகீழாக நட்டிருந்தேனாம்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்து பாதியைக் கொண்டுபோயிற்று. மீதிப் பாதி பிடித்துக்கொண்டது. போன இடத்தில் மறுபடி வைத்தோம். 2024 கோடையில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று யாழ்ப்பாணத்தில் பழமொழி சொல்வார்கள். கண்ணால் பார்த்தேன். மார்ச் மாதக் காற்று வந்தது. புல்தரை வெளுக்கவில்லை. மணல் அந்தப் பக்கமே நின்று, முதலில் ஒரு விரக்கடை, அப்புறம் ஒரு சாண்.

2025 ஜனவரியில், ஒரு காலை வேளையில், ஜி.எம். வந்தார். பின்பக்க கேட்டைத் திறந்தார். (இப்போது திறக்கிறது.) முழங்கால் உயரத்துக்கு மேடு எழும்பியிருந்தது. அதன்மேல் எண்ணி முடியாத அளவுக்கு ஊதாப் பூ.

"அட, நல்லா இருக்கே! எந்த நர்சரிய்யா?"

மறுபடி அதே ஐந்து செகண்ட். அதே ஜி.எம். அதே வீட்டு லோன், இன்னும் பதினாலு வருஷம் பாக்கி. தொண்டை வரைக்கும் இருமல் வந்தது. விழுங்கினேன்.

வாட்ச்மேனின் பெயரைச் சொன்னேன்.

"யாருய்யா அது?"

"மூணு வருஷம் முன்னாடி, மணல் அள்ளலைன்னு நீங்க மாத்தச் சொன்னீங்களே சார், அவர். அவர் அள்ளிக்கிட்டுத்தான் இருந்தார். இந்தக் கொடியைப் பிடுங்கச் சொன்னது நான். வேணாம்னு அவர் சொன்னார். நான் கேக்கலை. அன்னிக்கு உங்ககிட்ட சொல்லவும் இல்லை."

ஜி.எம். பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. கடைசியில், "கிளீன் பண்ணச் சொன்னது நான்தானேய்யா" என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காரை நோக்கி நடந்தார்.

அந்த வருஷம் எனக்கு வந்த இன்க்ரிமென்ட்டைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் மாதா மாதம் 'கடற்கரைத் தாவரப் பராமரிப்பு' என்று ஒரு வவுச்சர் போட ஜி.எம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணத்தை நான்தான் குப்பத்துக்குக் கொண்டுபோகிறேன். அவர் இப்போதும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்.

முதல் மாதம் பணம் கொடுக்கும்போது, "சொல்லிட்டேன் ஐயா" என்றேன்.

"தெர்யும். புது வாட்ச்மேன் சொன்னான்" என்றார். அப்புறம் வீட்டுக்குள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "தம்பி வந்துகீது. ஒரு டீ போடு."